மீனுக்கும் உண்டு அக்னி நட்சத்திரம்

கோவில்பட்டிப் பக்கம் கரிசல்காட்டுக்குள் பண்ணைக்குட்டை பார்த்திருக்கிறீர்களா? கரிசலில் களி அதிகம். நனைந்ததும் மண் உப்பித் தன் வெடிப்புகளைத் தானே அடைத்துக்கொள்ளும். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் பெய்த மழை குட்டையில் நிற்கும். அதில் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விட்டு வளர்க்கலாம். சிக்கல் பங்குனி, சித்திரையில்தான். தண்ணீர் வற்றும், ஆழம் குறைந்த நீர் சீக்கிரம் சூடேறும்.

வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் நம் உடம்புச் சூடு 37 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். பெரும்பாலான மீன்களுக்கு அப்படியில்லை. தண்ணீர் 34 டிகிரி என்றால் மீனின் உடம்பும் ஏறக்குறைய 34 டிகிரி. சூடு ஏற ஏற உடம்புக்குள் வேலைகள் வேகமாக நடக்கும். ஆக்சிஜன் அதிகம் தேவைப்படும். தண்ணீரோ சூடானால் ஆக்சிஜனைக் குறைவாகத்தான் பிடித்துவைக்கும். ஒரு லிட்டர் நன்னீரில் 20 டிகிரியில் சுமார் 9 மில்லிகிராம் கரையும். 35 டிகிரியில் சுமார் 7 மில்லிகிராம்தான். செலவு கூடும் நேரத்தில் வரவு குறைகிறது!

இன்னொரு ஆபத்தும் உண்டு. உடம்பிலுள்ள புரதங்கள் காகிதக் கப்பல் மாதிரி. சரியான மடிப்பில் இருந்தால்தான் வேலை செய்யும். சூடு கூடினால் மடிப்பு கலையும். இதைச் சமாளிக்க உடம்பிடம் ஒரு வழி உண்டு என்பது தற்செயலாகத்தான் தெரியவந்தது.

இத்தாலிய விஞ்ஞானி ஃபெருச்சியோ ரிட்டோசா பழ ஈக்களை ஆராய்ந்தபோது, அவற்றை வைத்திருந்த பெட்டியின் சூட்டை யாரோ கூட்டிவிட்டார்கள். ஈக்களின் குரோமோசோம்களில் சில இடங்கள் உப்பி இருந்தன. சூடு பட்டதும் செல் ஏதோ அவசர வேலையைத் தொடங்கியிருக்கிறது! இதை 1962இல் அவர் வெளியிட்டார். அந்தத் தடயத்தைப் பின்தொடர்ந்து போனவர்கள் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களைக் கண்டுபிடித்தார்கள். கலைந்த மடிப்பைச் சரிசெய்ய உதவுபவை இவை. மீனிடமும் உண்டு, நம்மிடமும் உண்டு.

சரி, மீனுக்குக் கூடுதல் உதவி எங்கே கிடைக்கும்? ஆய்வாளர்கள் செடிகளிடம் தேடுகிறார்கள். செடியால் நிழலுக்கு ஓட முடியாது. பூச்சி, வெயில், வறட்சி எது வந்தாலும் நின்ற இடத்திலேயே சமாளிக்க வேண்டும். அதற்காகப் பல வேதிப்பொருட்களைத் தயாரிக்கிறது. அவற்றில் சில மீனுக்கும் உதவுமா?

நாட்டு மருந்துக் கடையில் ரேவல்சின்னி என்றொரு கிழங்கு விற்பார்கள். அந்த இனச் செடியின் சாற்றைச் சீன ஆய்வாளர்கள் தீவனத்தில் கலந்து, நன்னீர் இறால்களுக்கும் கெண்டைக் குடும்பத்து மீன்களுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். மற்றொரு கூட்டத்துக்கு வெறும் தீவனம். பிறகு தண்ணீரைச் சூடாக்கினார்கள். சாறு கலந்த தீவனம் தின்றவை வெப்பத்தை இன்னும் நன்றாகத் தாங்கின. காரணம், அதிலுள்ள ஆந்த்ரகுவினோன் வகைப் பொருட்கள் என்று கருதுகிறார்கள்.

அந்த வகைப் பொருட்கள் நம் கரிசலில் மானாவாரியாக விளையும் அவுரியிலும் இருக்கின்றன. திருநெல்வேலி சென்னா என்ற பெயரில் வெளிநாடு போகிறதே, அதேதான். அப்படியானால் அவுரி இலையைப் பறித்துக் குட்டையில் போடலாமா? கூடாது! அவுரி பேதி மருந்து. ஒரே வகை என்பதால் எல்லாம் ஒரே வேலையைச் செய்யாது. அளவு மீறினால் கெடுதலும் செய்யும். சோதித்துப் பார்த்த பிறகே சொல்ல முடியும்.

எந்தச் செடிச் சாறும் தண்ணீருக்கு ஈடாகாது. குட்டையை ஆழமாக வெட்டுவது, மீன்களை நெருக்கமாக விடாமலிருப்பது, கொளுத்தும் நாளில் தீவனத்தைக் குறைப்பது இவையெல்லாம் முதலில். தவிட்டோடும் கடலைப் புண்ணாக்கோடும் கலக்கும் மூலிகை அதற்கப்புறம்தான்.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. அவுரி மீனுக்கு உதவுமா என்று சோதிக்க இரண்டு தொட்டிகள் தருகிறோம். ஒன்றில் மட்டும் அவுரி கலந்த தீவனம். இரண்டிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டியவை எவை? ஐந்தையாவது எழுதுங்கள்.