போதைக்கு அடிமையாவது ஏன்? சிங்கப்பூர் கண்ட விளக்கங்கள்

போதைக்கு அடிமையானவரைப் பற்றி ஒரு சமூகம் என்ன நினைக்கிறது என்பதை அதன் சட்டங்களைக் கொண்டே அறிந்துவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிங்கப்பூரின் அரசு வருவாயில் பெரும்பங்கைத் தந்த அபின், உலகப் போருக்குப் பின் 1946இல் தடைசெய்யப்பட்டபோது, அதுவரை சட்டப்படி அதை வாங்கிப் புகைத்த கூலித் தொழிலாளர்கள் குற்றவாளிகள் ஆனார்கள். மனவுறுதியற்றவர்களே போதையில் விழுகிறார்கள், தண்டனை அவர்களைத் திருத்தும் என்று கருதும் ஒழுக்கக் கோட்பாட்டின் பிடி அதில் தெரிகிறது. 1955இல் செயிண்ட் ஜான்ஸ் தீவில் அபின் பழக்கத்தினருக்கென ஒரு சிகிச்சை நிலையம் திறக்கப்பட்டதோ, அவர்கள் குணப்படுத்தப்பட வேண்டியவர்கள் என்ற வேறொரு நம்பிக்கையினால்தான்.

அந்த நம்பிக்கைக்கு நோய்க் கோட்பாடு என்று பெயர். அமெரிக்க ஆய்வாளர் ஜெல்லினெக் 1960இல் குடிப்பழக்கத்தை நோயாக விளக்கி நூல் எழுதினார். பின்வந்த மூளை ஆய்வுகள், இன்ப உணர்வோடும் ஊக்கத்தோடும் தொடர்புடைய டோபமைன் என்னும் வேதிப்பொருளின் இயக்கத்தைப் போதைப்பொருள் குலைத்து, விருப்பத்தைக் கட்டுக்கடங்காத வேட்கையாக மாற்றுகிறது என்று காட்டின. குடும்பங்கள் சுமக்கும் வெட்கத்தைப் பெரிதும் குறைத்தது இக்கோட்பாடு என்பதால் அதற்கு நாம் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம்.

ஆயினும் மூளை மட்டுமே காரணமென்றால், வியட்நாம் போர்க்களத்தில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கப் படைவீரர்களில் மிகப் பெரும்பாலோர் ஊர் திரும்பியபின் மீண்டும் அப்பழக்கத்துக்கு அடிமையாகவில்லை என்று ஆய்வாளர் லீ ராபின்ஸ் 1970களில் கண்டறிந்ததை விளக்க இயலாது. இடம், நண்பர்கள், மன அழுத்தம் ஆகியவை மாறியபோது பழக்கமும் தளர்ந்தது. ஒரு பொருளை உட்கொண்ட இடமும் நேரமும் உடனிருந்தவர்களும் அதன் நினைவோடு பிணைந்து, பின்னாளில் அவற்றைக் கண்டாலே வேட்கை எழும் என்பது கற்றல் கோட்பாட்டின் விளக்கம். ஈசூனில் வளர்ந்த ஓர் இளைஞர் மறுவாழ்வு நிலையத்தில் பல மாதங்கள் தெளிவாக இருந்துவிட்டு, அதே புளோக்கின் கீழ்த்தளத்துக்கும் அதே கூட்டாளிகளிடத்துக்கும் திரும்பும்போது ஏன் தடுமாறக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை இல்லை. அவருக்கு மருந்தைப் போலவே இன்றியமையாதவை வேலையும் புதிய நட்பும். உடல், மனம், சமூகம் மூன்றையும் சேர்த்தே நோக்க வேண்டும் என்று மருத்துவர் ஜார்ஜ் எங்கல் 1977இல் முன்வைத்த பார்வையை இன்றைய மருத்துவர்கள் பலர் ஏற்பது இதனால்தான்.

சிங்கப்பூரும் ஒரே கோட்பாட்டில் நிற்கவில்லை. கடத்தலுக்கு மரணதண்டனை வரை விதிக்கும் சட்டம், வேறு குற்றம் புரியாமல் போதைப்பொருளை உட்கொண்டவரை, பலமுறை பிடிபட்டாலும் சிறைக்குப் பதில் மறுவாழ்வு நிலையத்துக்கு அனுப்புமாறு 2019இல் திருத்தப்பட்டது. மின்சிகரெட்டில் கலக்கப்பட்ட எட்டோமிடேட் என்ற மயக்கமருந்து 2025 செப்டம்பர் 1 முதல் போதைப்பொருளாக வகைப்படுத்தப்பட்டபோதும், முதன்முறை சிக்குவோருக்கு அபராதத்தோடு மறுவாழ்வும் விதிக்கப்பட்டது. மின்சிகரெட்டைக் கைவிட விரும்பித் தாமாக முன்வருவோருக்குத் தண்டனை இல்லை. ஆகவே பிள்ளையிடம் மாற்றம் காணும் பெற்றோர் அதை மறைக்காமல் உதவி நாட வேண்டும்.