இந்திய ஆடை அலங்கார அணிவகுப்புகளில் உடல் வெளிப்பாடு

ஆடை அலங்கார அணிவகுப்புகளில் உடல் வெளிப்பாடு என்பது, வடிவமைப்பாளர்களின் புதிய ஆடைகளை மாடல்கள் மேடையில் அணிந்து நடக்கும்போது, வழமையாக மறைக்கப்படும் உடற்பகுதிகள் பார்வையாளருக்குத் தெரிவதைக் குறிக்கும். இது வடிவமைப்பின் ஒரு கூறாகத் திட்டமிடப்பட்டதாக இருக்கலாம். ஆடை நழுவுதல், கிழிதல் முதலிய விபத்துகளாலும் நேரலாம். இந்தியாவில் இது பற்றிய பார்வை 1990கள் முதல் மாறி வந்துள்ளது. எவ்வளவு உடல் தெரிந்தது என்பதோடு, எந்தச் சூழலில், யாருடைய ஒப்புதலுடன் தெரிந்தது என்பதும் இன்று கேட்கப்படுகிறது.

பின்னணி

உடலின் எப்பகுதி மறைக்கப்பட வேண்டும் என்பது காலம், இடம், தொழில், சாதி ஆகியவற்றைப் பொறுத்து வேறுபடும். பழவேற்காடு ஏரியை அண்டிய கோட்டைக்குப்பம் போன்ற மீனவர் ஊர்களில் ஆண்கள் வெற்று மார்புடன் நீரில் இறங்கி வலை வீசுவதை எவரும் ஆபாசமாகக் கருதுவதில்லை. அன்றைய திருவிதாங்கூரிலோ, சாதிக் கட்டுப்பாட்டால் மார்பை மறைக்கும் உரிமை நாடார் பெண்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. தோள்சீலைப் போராட்டத்தின் பின்னர் 1859 இல் அரச அறிவிப்பு ஒன்றால் அவ்வுரிமை வழங்கப்பட்டது. எனினும், உயர்சாதிப் பெண்களைப் போலவே அணிய அவ்வறிவிப்பு அனுமதிக்கவில்லை. ஒரு பெண் எதை அணியலாம் என்பதைப் பிறர் தீர்மானித்தமையே அங்கு சிக்கலாக இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

மேலைநாடுகளில்

1964 இல் அமெரிக்க வடிவமைப்பாளர் ரூடி கெர்ன்ரைக் மார்பை மறைக்காத நீச்சலுடையை வெளியிட்டார். 1960களின் பிற்பகுதியில் பாரிசில் ஈவ் சான் லோரான் உடல் தெரியும் மெல்லிய துணியாலான ஆடைகளை அறிமுகப்படுத்தினார். முதலில் பரபரப்பை ஏற்படுத்திய இப்போக்கு, பின்னர் அணிவகுப்புகளில் வழமையானது. 2022 இல் பாரிசில் கோபெர்னி நிறுவனத்தின் அணிவகுப்பில், ஏறத்தாழ ஆடையின்றி மேடையேறிய பெல்லா ஹதீதின் உடலின் மீது நீர்மத்தைத் தெளித்து அங்கேயே ஓர் ஆடை உருவாக்கப்பட்டது. எனினும் மாற்றம் ஒரே திசையில் நிகழவில்லை. 2025 இல் கான் திரைப்பட விழா, செங்கம்பளத்தில் நிர்வாணத்துக்குத் தடை விதித்தது.

இந்தியாவில் எழுந்த சர்ச்சைகள்

1995 இல் காலணி விளம்பரம் ஒன்றில் மிலிந்த் சோமன், மது சாப்ரே ஆகியோர் காலணிகளும் ஒரு மலைப்பாம்பும் மட்டுமே உடலில் இருக்கத் தோன்றினர். அவர்கள் மீது தொடரப்பட்ட வழக்கு சுமார் 14 ஆண்டுகள் நீடித்து, 2009 இல் விடுதலையில் முடிந்தது.

1996 இல் பெங்களூரில் நடந்த உலக அழகிப் போட்டிக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. மதுரையில் இளைஞர் ஒருவர் தீக்குளித்து இறந்தார். நீச்சலுடைச் சுற்று சீசெல்சு தீவுகளுக்கு மாற்றப்பட்டது.

2006 இல் மும்பையில் நடைபெற்ற லக்மே பேஷன் வாரத்தில் மாடல் ஒருவரின் மேலாடை நழுவியது. மற்றொருவரின் பாவாடை கிழிந்தது. தொலைக்காட்சிகள் அக்காட்சிகளைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பின. இவை விளம்பரத்துக்காக வேண்டுமென்றே செய்யப்பட்டனவா என விசாரிக்க மகாராட்டிர அரசு உத்தரவிட்டது. விபத்துக்கு உள்ளான பெண்களே ஐயத்துக்கும் உள்ளாயினர்.

2025 மார்ச்சில் காசுமீரின் குல்மார்க்கில் பனியின் மீது நடத்தப்பட்ட அணிவகுப்பு, ரமலான் மாதத்தில் நடந்ததால் எதிர்ப்புக்குள்ளானது. முதலமைச்சர் உமர் அப்துல்லா அறிக்கை கோரினார். வடிவமைப்பாளர்கள் மன்னிப்புக் கேட்டனர்.

சட்ட நிலை

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 292, 294 ஆகிய பிரிவுகள் ஆபாசம் பற்றியவை. 2024 சூலை 1 முதல் இவற்றின் இடத்தில் பாரதிய நியாய சன்கிதாவின் 294, 296 ஆகிய பிரிவுகள் நடைமுறையில் உள்ளன. நெடுங்காலம் இந்திய நீதிமன்றங்கள், 1868 ஆம் ஆண்டு இங்கிலாந்துத் தீர்ப்பு ஒன்றிலிருந்து பெற்ற அளவுகோலைப் பின்பற்றின. எளிதில் கெடக்கூடிய மனம் கொண்டோரை ஒரு படைப்பு கெடுக்குமா என்பதே அதன் கேள்வி.

2014 இல் அவீக் சர்க்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதனைக் கைவிட்டு, சமகாலச் சமுதாய நெறியை அளவுகோலாக ஏற்றது. டென்னிசு வீரர் போரிசு பெக்கரும் அவருடைய வருங்கால மனைவியும் ஆடையின்றித் தோன்றிய ஒளிப்படம் பற்றியது அவ்வழக்கு. அப்படம் நிறவெறிக்கு எதிரான செய்தியைத் தாங்கியிருந்ததை நீதிமன்றம் கருத்திற் கொண்டது. இதன்படி, நிர்வாணம் என்பதனாலேயே ஒன்று ஆபாசமாகிவிடாது. படைப்பு முழுவதையும் அதன் சூழலையும் நோக்க வேண்டும்.

ஒப்புதலும் பாதுகாப்பும்

2017 இல் பரவிய மீ டூ இயக்கம் மாடல்களின் பணிச்சூழல் மீது கவனத்தைத் திருப்பியது. வோக் இதழின் வெளியீட்டாளரான கான்டே நாஸ்ட் 2018 இல் வெளியிட்ட நடத்தை விதிகளின்படி, நிர்வாணமோ உடல் தெரியும் ஆடையோ இடம்பெறும் படப்பிடிப்புக்கு மாடலின் முன் ஒப்புதல் தேவை. ஒப்புதலை முதன்மைப்படுத்தும் இப்பார்வையில், விரும்பி அணியும் மெல்லிய ஆடையும் விருப்பமின்றி நழுவும் மேலாடையும் ஒன்றல்ல. முன்னது தெரிவு, பின்னது பணியிட விபத்து. 2006 ஆம் ஆண்டு மும்பை நிகழ்வுகளில் இவ்வேறுபாடு போதிய கவனம் பெறவில்லை.