தொண்டிற்கும் பயிற்சி வேண்டும்

“ஆற்றில் போட்டாலும் அளந்து போடு” என்பது நம் முன்னோர் வாக்கு. பொருளுக்கு மட்டுமன்றித் தொண்டிற்கும் அது பொருந்தும் என்பதை, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கானின் ஓரத்தில் நின்று நாம் கற்றுக்கொண்டோம்.

கினிகத்தேனை மழைக்குப் பெயர்போன ஊர். அருகிலுள்ள தோட்டமொன்றில், லயத்தின் பின்புறம் நீர் தேங்கி நிற்கக் கண்டு, முப்பது மாணவரோடு ஒரு சனிக்கிழமை மண்வெட்டி ஏந்திச் சென்றோம். மாலைக்குள் நீண்டதொரு கான் வெட்டி, நிழற்படமும் எடுத்துக்கொண்டு பெருமையோடு திரும்பினோம். மறுநாள் இரவு பெய்த மழையில், அக்கான் வழியே பாய்ந்த வெள்ளம் கீழ் லயத்து இஸ்தோப்புகளில் புகுந்துவிட்டது. வருந்திச் சென்ற எம்மிடம் முதியவர் ஒருவர் கோபமின்றிச் சொன்னார்: “கான் வெட்டுறது எங்க பரம்பரைத் தொழிலுங்க, ஐயா. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!”

மாணவர் மீது குற்றமில்லை. நடத்திச் சென்ற நாமே பிழை செய்தோம். பாடம் கற்பிக்கப் பட்டமும் பயிற்சியும் பெற்றிருந்தோம். மக்களிடையே மாணவரை அழைத்துச் செல்லும் கலையை எவரும் எமக்குக் கற்பிக்கவில்லை.

இத்துறையில் நம் நாட்டிலேயே சிறந்த முன்மாதிரி உண்டு. 1958ஆம் ஆண்டில், கொழும்பு நாலந்தாக் கல்லூரியின் இளம் ஆசிரியரான ஏ. ரி. ஆரியரத்ன, சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டிருந்த மக்கள் வாழ்ந்த கனத்தொலுவ என்னும் கிராமத்திற்குத் தம் மாணவரை அழைத்துச் சென்றார். மாணவர் அம்மக்களோடு தங்கி, உண்டு, உழைத்தனர். அதிலிருந்து சர்வோதய சிரமதான இயக்கம் கிளைத்தது. அதன் முகாம்களில் ‘பவுல் ஹமுவ’ எனும் குடும்ப ஒன்றுகூடல் முக்கிய இடம் பெறும். ஊராரும் வந்தவரும் ஒன்றாக அமர்ந்து பேசிய பின்னரே மண்வெட்டி அசையும். ஆரியரத்ன 1969இல் மகசேசே விருது பெற்றார், 2024இல் மறைந்தார்.

இந்தியாவில் 1969ஆம் ஆண்டு 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டது. அதில் சேரும் மாணவர் ஈராண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்தல் வேண்டும். அவர்களை வழிநடத்தும் விரிவுரையாளருக்கும் தனிப் பயிற்சி அளிக்கப்படுகிறது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம், பட்டமேற்படிப்பு மாணவருக்குச் சமூகப் பணியில் சான்றிதழே வழங்குகிறது.

அத்தகைய படிப்பில் என்னதான் கற்பிப்பது என நேயர்கள் வினவலாம். முதலாவது, செவிசாய்த்தல். இரண்டாவது, ஊராரோடு கூடித் திட்டமிடல். மூன்றாவது, செய்த வேலையைப் பாடத்தோடு இணைத்துச் சிந்திக்கச் செய்தல். நான்காவது, நேர்ந்த பிழையை மறைக்காது ஆராய்தல். மலையகத்திற்கு இவற்றோடு இன்னொன்றும் வேண்டும். அது தோட்டத்தின் நாளொழுங்கை அறிதல். கொழுந்து பறிக்கும் தாயைப் பகல் வேளையில் கூட்டத்திற்கு அழைத்தால், அன்று அவளுக்கு அரைப்பேர்தான் விழும். நம் நற்பணிக்கு அவள் கூலி கொடுப்பதா?

பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. அங்கு பயிலும் நாளைய ஆசிரியர்க்கு இக்கலையின் தொடக்கத்தையேனும் கற்பிக்கலாம். நம் பல்கலைக்கழகங்கள் பட்டதாரி ஆசிரியர்க்கென ஓராண்டு டிப்ளோமாவாக இதனை வகுக்கலாம். பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை, மனம் வேண்டும்.

எம் கானின் கதை அத்துடன் முடியவில்லை. அடுத்த வாரம் அம்முதியவரே கயிறு பிடித்து வழி காட்ட, மாணவர் மீண்டும் வெட்டினர். அன்று அவரே ஆசிரியர்; நாமும் மாணவரோடு மாணவராக நின்றோம். அதன்பின் எத்தனையோ மழை பெய்தும், அக்கான் நீரைத் தன் வழியே கொண்டு செல்கிறது.

ஆதலால் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை, “தொண்டு செய்யப் போகிறேன்” என்று புறப்பட்டால் மகிழ்ந்து அனுப்புங்கள். கூடவே, “அங்குள்ளவரைக் கேட்டீர்களா?” என்றும் ஒரு வார்த்தை வினவுங்கள்.