வேரைத் தேய்க்காதீர்கள்!

ஏற்காடு ஏரிக்கரையில் ஓடிய என் ஒன்பது வயது மகன் தடுக்கி விழுந்தான். முன்பல் ஒன்று வேரோடு வெளியே! மண் போகத் தேய்த்துக் கழுவப் போனேன். "ஐயோ அக்கா, வேரைத் தொடாதீங்க!" என்று தடுத்தாள், அங்கிருந்த நர்ஸ் பெண்.

பல்வேரைச் சுற்றி சிமெண்டம் என்றொரு படலம். ஈறருகே 0.05 மில்லிமீட்டருக்கு மேல் கனமிருக்காது. நுண்ணோக்கியில் பார்த்தால் அதில் ஆயிரக்கணக்கான நார்கள் புதைந்திருக்கும், மறுமுனை தாடையெலும்பில். பல்லைப் பிடித்து வைப்பதே அவைதான். தேய்த்தாலோ உலர்ந்தாலோ அங்குள்ள உயிரணுக்கள் செத்துவிடும்.

பல்லின் மேற்பகுதியைப் பிடித்து, ஆறின பாலில் போட்டு, 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, ஒரு மணி நேரத்துக்குள் சேலம் போனோம். டாக்டர் பல்லைப் பொருத்திக் கம்பி கட்டினார். இரண்டு வாரம் குழைந்த சாதம்தான்!

பால்பல் விழுந்தால் மட்டும் திரும்பப் பொருத்தக் கூடாதாம், சகோதரிகளே.