பெயரடையான பெயர்: கணிதவியலார் எம்மி நோத்தரின் வாழ்வும் பணியும்

மாந்தர் பெயர் காலப்போக்கில் பொதுச்சொல்லாக மாறுவது மொழி வரலாற்றில் அரிதன்று. மின்னோட்டத்தை அளக்கும் ஆம்பியரும் மின்னழுத்தத்தை அளக்கும் வோல்ட்டும் அறிவியலார் பெயர்களின் வழிவந்தவையே. கணிதத்தில் அவ்வாறு வழங்கும் பெயர்களுள் ஒன்று நோத்தர் என்பது. 'நோத்தர் வளையம்' என்னும் தொடரில் அது பெயரடையாக நிற்கிறது. ஆங்கிலக் கணித நூல்கள் பலவற்றில் அச்சொல்லின் முதலெழுத்துச் சிறிய எழுத்தாகவே அச்சிடப்படுகிறது. ஒருவரைச் சுட்டிய பெயர் ஒரு பண்பைச் சுட்டும் சொல்லாகிவிட்டது என்பதற்கு இதுவே சான்று. ஆனால் அப்பெயருக்குரியவர், தம் பெயரில் ஒரு வகுப்பை அறிவிப்பதற்குக்கூடச் சில ஆண்டுகள் உரிமையின்றி இருந்தவர். அவர் வரலாற்றையும் அவர் கண்ட நெறியையும் இங்குச் சுருக்கமாக நோக்குவோம்.

மொழியாசிரியத் தகுதியும் கணித நாட்டமும்

எம்மி நோத்தர் 1882ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள், ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை மாக்ஸ் நோத்தர் அந்நகர்ப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர். மகளோ 1900இல், பெண்கள் பள்ளிகளில் ஆங்கிலமும் பிரெஞ்சும் கற்பிப்பதற்கான அரசுத் தேர்வில் தேறினார். அன்றைய நிலையில் கற்ற பெண்ணுக்கு அதுவே ஏற்ற தொழில். அவரோ அப்பணியை ஏற்கவில்லை. கணித வகுப்புகளை நாடிச் சென்றார்.

எர்லாங்கன் பல்கலைக்கழகம் அப்போது பெண்களை முறையான மாணவராகச் சேர்ப்பதில்லை. பேராசிரியர் இசைந்தால் வகுப்பில் அமர்ந்து கேட்கலாம். தடை நீங்கிய பின், 1904இல் நோத்தர் பதிவு செய்துகொண்டார். 1907இல் பவுல் கோர்டான் என்பாரின் மேற்பார்வையில் முனைவர் பட்ட ஆய்வை நிறைவு செய்தார். 300க்கும் மேற்பட்ட கோவைகளைக் கணித்துப் பட்டியலிட்ட அவ்வாய்வைப் பிற்காலத்தில் அவரே பெரிதாக மதிக்கவில்லை. கோர்டானுக்குப் பின் அங்கு வந்த எர்ன்ஸ்ட் ஃபிஷருடன் நிகழ்ந்த உரையாடல்கள் அவரைக் கணக்கீட்டு வழியிலிருந்து கருத்தியல் வழிக்குத் திருப்பின. 1908 முதல் 1915 வரை அவர் எர்லாங்கனில் ஊதியமின்றியே பணிபுரிந்தார்.

கோட்டிங்கனில் கிட்டாத உரிமை

1915இல் டேவிட் ஹில்பர்ட்டும் ஃபெலிக்ஸ் கிளைனும் அவரைக் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்திற்கு அழைத்தனர். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கொள்கை எழுப்பிய கணிதச் சிக்கல்களைத் தீர்க்க அவருடைய புலமை தேவைப்பட்டது. எனினும், பல்கலைக்கழகத்தில் விரிவுரை நிகழ்த்தும் உரிமையை அவருக்கு வழங்கத் தத்துவப் புலத்தினர் பலர் மறுத்தனர். அரசாணையும் தடையாக நின்றது. எதிர்த்தோருள் மொழிநூலாரும் வரலாற்றாசிரியரும் இருந்தனர் என்பதை, மொழியியல் பயின்ற நாம் சற்று நாணத்துடனேயே குறிப்பிட வேண்டியுள்ளது. இது பல்கலைக்கழகமேயன்றிக் குளியலறை அன்று என ஹில்பர்ட் சினந்துரைத்ததாகக் கூறுவர். ஆயினும் விதி தளரவில்லை. ஆகவே, வகுப்புகள் ஹில்பர்ட் பெயரில் அறிவிக்கப்பட்டன. முனைவர் நோத்தர் துணைபுரிவார் என்பது அறிவிப்பின் ஓரத்துக் குறிப்பாக மட்டும் இடம்பெற்றது.

அவ்வாண்டுகளில்தான் அவருடைய புகழ்பெற்ற தேற்றம் உருவாயிற்று. அதன் சாரம் எளிது. ஒரு பந்தை இன்று எறிந்தாலும் நாளை எறிந்தாலும் அதை ஆளும் விதி ஒன்றே. காலத்தால் விதி மாறாத இச்சமச்சீர்மையிலிருந்து ஆற்றல் அழியாமை பெறப்படுகிறது. இடம் மாறினும் விதி மாறாமையிலிருந்து உந்த அழியாமையும், திசை மாறினும் விதி மாறாமையிலிருந்து கோண உந்த அழியாமையும் பெறப்படுகின்றன. அதுவரை தனித்தனி விதிகளாகக் கற்பிக்கப்பட்டவற்றுக்குப் பொதுக் காரணம் ஒன்று உண்டென அவர் நிறுவினார். 1918இல் அக்கட்டுரையைக் கோட்டிங்கன் அறிவியல் கழகத்தில் முன்வைத்தவர் கிளைன். நோத்தர் அக்கழகத்தின் உறுப்பினர் அல்லர். 1919இல், ஆட்சி மாறிய பின்னரே, அவருக்கு விரிவுரை உரிமை கிடைத்தது. 1923இல்தான் சிறு ஊதியம் வரத் தொடங்கியது.

கணக்கீட்டிலிருந்து கருத்தமைப்புக்கு

1921இல் வெளிவந்த அவருடைய கட்டுரை இயற்கணிதத்தின் போக்கையே மாற்றியது. அதன் அடிப்படைக் கருத்தை வகுப்பறைக் கரும்பலகையிலேயே காட்டலாம். 60இன் மடங்குகள் அனைத்தும் 30இன் மடங்குகளுள் அடங்கும். அவை 15இன் மடங்குகளுள் அடங்கும். அவை 5இன் மடங்குகளுள் அடங்கும். 5இன் மடங்குகளோ 1இன் மடங்குகளாகிய எல்லா முழுவெண்களுள்ளும் அடங்கும். அதற்குமேல் விரிய இடமில்லை. எவ்வெண்ணில் தொடங்கினாலும், மேன்மேலும் விரியும் இச்சங்கிலி ஓரிடத்தில் நின்றே தீரும். இத்தகைய மடங்குத் தொகுதியின் பொது வடிவத்தைச் சீர்மம் என்பர். முழுவெண்களைப் போலக் கூட்டலும் பெருக்கலும் நிகழும் அமைப்பை வளையம் என்பர். விரியும் சீர்மச் சங்கிலி ஒவ்வொன்றும் நின்றுவிடும் வளையமே இன்று நோத்தர் பெயரால் வழங்குகிறது.

எண்களுக்கு ஒரு நிறுவல், பல்லுறுப்புக் கோவைகளுக்கு வேறொரு நிறுவல் என வேறுவேறாக முயல்வதை அவர் விடுத்தார். சங்கிலி நிற்கும் என்னும் ஒரே பண்பிலிருந்து எல்லாவற்றுக்கும் பொருந்தும் முடிவுகளை வருவித்தார். மொழி பயில்வோர்க்கு இந்நெறி புதிதன்று. 'கடல்', 'அகம்', 'தங்கம்' ஆகிய சொற்களில் ககரம் மூவகையாக ஒலிக்கிறது. ஆயினும், அவ்வொலிகள் வரும் சூழல்களை நோக்கி அவற்றை ஓர் ஒலியனாகவே கொள்கிறோம். அங்கு நாம் காண்பது ஒலியை மட்டுமன்று. அமைப்பில் அதற்குள்ள இடத்தையும் காண்கிறோம். நோத்தரும் எண்ணைக் கடந்து எண்களுக்கிடையிலான உறவைக் கண்டார்.

அவரைச் சூழ்ந்து இளம் ஆய்வாளர் குழுவொன்று உருவாயிற்று. தம் கருத்துகளை அவர்களுக்குத் தயங்காமல் வழங்கினார். 1930-31இல் வான் டெர் வார்டன் வெளியிட்ட புகழ்பெற்ற இயற்கணிதப் பாடநூல், எமில் ஆர்ட்டின், நோத்தர் ஆகிய இருவரின் விரிவுரைகளை அடியொற்றியது. 1932இல் சூரிக் நகரில் நடைபெற்ற அனைத்துலகக் கணித மாநாட்டில் நோத்தர் பொது அவை உரையாற்றினார்.

நாடு நீங்கலும் நிறைவும்

அடுத்த ஆண்டே நாஜி ஆட்சி அவருடைய பணியைப் பறித்தது. வகுப்பறை மூடப்பட்ட பின்னும் தம் இல்லத்தில் மாணவரைக் கூட்டிக் கற்பித்தார். 1933இன் இறுதியில் அமெரிக்கா சென்று, பென்சில்வேனியாவிலுள்ள பிரின் மார் மகளிர் கல்லூரியில் பணியேற்றார். பிரின்ஸ்டனிலும் விரிவுரைகள் நிகழ்த்தினார். அறுவை மருத்துவத்திற்குப் பின் 1935 ஏப்ரல் 14ஆம் நாள், 53ஆம் வயதில் மறைந்தார். ஐன்ஸ்டைன் நியூயார்க் டைம்ஸ் நாளிதழுக்கு மடல் எழுதி அவருடைய மேன்மையை உலகறியச் செய்தார். ஆயினும், கோட்டிங்கனில் நிலையான முழுப் பேராசிரியர் பதவி அவருக்கு ஒருநாளும் கிட்டவில்லை.

ஆசிரியர் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. 300 கோவைகளைப் பிழையின்றிக் கணித்த அதே கைதான் பின்னர்க் கணக்கீட்டை விலக்கிக் காரணத்தைத் தேடியது. விடை சரியா என வினவுவதோடு நில்லாமல், இவ்விடை ஏன் இவ்வாறு வருகிறது, வேறெங்கெல்லாம் இது பொருந்தும் எனவும் மாணவரை வினவுவோமாக. நோத்தர் என்னும் பெயரடை பாடத்தில் வரும் நாளில், 60, 30, 15, 5, 1 எனக் கரும்பலகையில் எழுதிவிட்டு, அச்சொல் முன்பு ஒரு பெண்ணின் பெயராக இருந்தது என்பதையும் அவர்களுக்கு எடுத்துரைப்போமாக.