தொங்கு காது நாய்களும் எண்ணெய்க் கிண்ணமும்

காது மடல் தொங்கும் நாய்களுக்குக் காதில் தொற்று வருவது எல்லா ஊரிலும் உள்ளதுதான். திண்டுக்கல்லிலும் வத்தலக்குண்டு, நிலக்கோட்டை, வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பக்கத்துச் சமவெளி ஊர்களிலும் ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்து ஈரம் காயாமல் நிற்கும் நாட்களில் அது கூடிவிடும். லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், பீகிள், காக்கர் ஸ்பேனியல் நாய்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கின்றன. அடிக்கடி தலையை உதறும், பின்னங்காலால் காதைச் சொறியும், சுவரில் தேய்க்கும், கிட்டே போனால் புளித்த வாடை வரும். இவ்வளவும் தொடங்கிய சில நாட்களிலேயே வீட்டாருக்குத் தெரிந்துவிடுகிற அறிகுறிகள். அப்படியிருந்தும் நாய் மருத்துவமனைக்கு வந்து சேர்வது சீழ் வடிந்து, காதைத் தொட்டாலே கத்தும் நிலையில். நடுவில் கழிந்த வாரங்களில் காதுக்குள் என்னென்ன ஊற்றப்பட்டன என்று கேட்டால் வருகிற பதில் நீளமானது. பல நாய்களை நோயைவிட அதுவே அதிகம் கெடுத்திருக்கும்.

குற்றம் மடலில் மட்டும் இல்லை

இங்கிலாந்தின் ராயல் வெட்டர்னரி கல்லூரி 22,000க்கும் அதிகமான நாய்களின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்து 2021இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. நிமிர்ந்த காது நாய்களைவிடத் தொங்கு காது நாய்களுக்குத் தொற்று வரும் வாய்ப்பு அதில் 1.76 மடங்கு. பாசெட் ஹவுண்டுக்கு மட்டும், கலப்பின நாயோடு ஒப்பிட்டால், ஏறக்குறைய 6 மடங்கு. தொங்கும் மடல் காற்றை அடைத்து ஈரத்தைத் தேக்கி இடம் கொடுக்கிறது. தொற்றைத் தொடங்கி வைப்பது பெரும்பாலும் வேறொன்று.

அந்த வேறொன்று, திரும்பத் திரும்பக் காது வடியும் நாய்களில், அநேகமாகத் தோல் ஒவ்வாமையே. பாதத்தை ஓயாமல் நக்குவதும் அக்குளும் வயிறும் சிவப்பதும் காதோடு சேர்ந்து வந்தால் சந்தேகம் உறுதிப்படும். அடுத்தது உண்ணி. மடலின் உட்புறம் அதற்குப் பிடித்த இடம். மழைக்குப் பின் தரிசில் ஊசிப்புல் விளைந்து நிற்கும்போது அதன் விதை காதுக்குள் குத்தி இறங்கிவிடுவதும் உண்டு. நேற்றுவரை நன்றாக இருந்த நாய் திடீரென்று ஒரு பக்கம் மட்டும் தலையைச் சாய்த்து உதறினால் அதைத்தான் தேட வேண்டும். தோட்டத்துக் கிணற்றிலும் கண்மாயிலும் நீந்துகிற நாய்களுக்குக் காதில் தங்கும் தண்ணீரே போதும்.

உள்ளே பெருகுவது பெரும்பாலும் மலசீசியா என்னும் ஈஸ்ட், அல்லது ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியா. நாட்பட்ட காதில் சூடோமோனாஸ் குடியேறும். அதை விரட்டுவது எளிதல்ல.

ஊற்றியதும் ஊற்றக் கூடாததும்

முதல் இடம் எண்ணெய்க்கு. பூண்டு காய்ச்சிய நல்லெண்ணெய், வேப்பெண்ணெய், கற்பூரம் கரைத்த தேங்காயெண்ணெய் என்று வீட்டுக்கு வீடு ஒரு பக்குவம். மலசீசியா கொழுப்பைத் தின்று வாழும் கிருமி. எண்ணெய் விடுவது அதற்குப் பந்தி விரிப்பதாகும். எண்ணெய் அழுக்கோடு கலந்து அடைத்துக்கொண்டால் பிறகு விடும் மருந்தும் தோலைச் சேராது, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவும் முடியாது. காய்ச்சிய சூடு ஆறுவதற்குள் ஊற்றி உள்தோல் வெந்துபோவதும் நடக்கிறது. கற்பூரமோ நாய்க்கு நஞ்சு; காதில் விட்டது மடல் வழியாகவும் பாதம் வழியாகவும் வாய்க்குப் போய்விடும்.

இரண்டாவது, மெடிக்கலில் வாங்கும் மனிதர் சொட்டு மருந்து. காதழுக்கைக் கரைக்கும் சொட்டு மருந்துகள் பலவற்றில் பாராடைகுளோரோபென்சீன், பென்சோகெய்ன், டர்பென்டைன் எண்ணெய் ஆகியவை உண்டு. புண்ணான காதில் அவை தீயாய் எரியும். ஜென்டாமைசின் போன்ற மருந்து, செவிப்பறை கிழிந்திருப்பது தெரியாமல் விடப்பட்டால், கேட்கும் திறனையே பறிக்கக்கூடும். வீட்டில் குழந்தைக்கு வாங்கிய பாட்டில் மிச்சம் இருக்கிறது என்பது ஒரு காரணமா? போன வருடச் சீட்டைக் காட்டி அதே மருந்தை வாங்குவதும் இதே வகைதான். போன வருடம் இருந்தது ஈஸ்ட்டாக இருக்கலாம்; இப்போது இருப்பது வேறு. மூன்று நாள் விட்டு, வாடை குறைந்ததும் நிறுத்திவிடுகிற பழக்கம்தான் எந்த ஆன்டிபயாட்டிக்குக்கும் மசியாத கிருமிகளை வளர்க்கிறது.

உண்ணிக்கு மண்ணெண்ணெய், பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்து, புகையிலைத் தண்ணீர் ஆகியவற்றைக் காதில் விடுவதைப் பற்றி நிதானமாக எழுதுவது கடினம். அவை உண்ணியைவிட விரைவாக நாயைக் கொல்லும். மாட்டின் புண்ணில் புழு வைத்தால் சீத்தாப்பழ இலையை அரைத்துக் கட்டுவது இந்தப் பக்கத்து வழக்கம். அதே அரைப்பைப் புழு வைத்த நாயின் காதுக்குள் திணிப்பதால் வெளியே வரவேண்டிய புழு இன்னும் உள்ளேதான் போகும். மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் ஊசியை மிச்சம் பிடித்து நாய்க்குப் போடுவதும் வேண்டாம். கோலி போன்ற இனங்களுக்குச் சிறு அளவே உயிருக்கு ஆபத்து.

சூடு, கறி, கத்தரிக்கோல்

‘உடம்புச் சூட்டுக்குக் காது வடிகிறது, தயிர் சோறு போட்டால் சரியாகும்’ என்பது நெடுநாள் நம்பிக்கை. காது வடிவது சூட்டால் அல்ல. உணவு ஒவ்வாமை உள்ள நாய்க்குப் பாலும் தயிருமே ஆகாத பொருளாக இருக்கக்கூடும். மாட்டிறைச்சி, கோழி இவற்றோடு பால் பொருள்களும் அந்த வரிசையில் முன்னால் நிற்பவை. ஆகவே கறியை மட்டும் நிறுத்திவிட்டுத் தயிரைக் கூட்டுவது சோதனையும் அல்ல, மருத்துவமும் அல்ல. முறையான உணவுச் சோதனைக்குச் சுமார் எட்டு வாரம் வேண்டும். அதற்கிடையே ஞாயிற்றுக்கிழமைப் பிரியாணியில் ஒரு கை போட்டாலும் கணக்கு முதலிலிருந்துதான்.

மடலை வெட்டிவிட்டால் தொற்றே வராது என்று குட்டியிலேயே கத்தரிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காரணம் ஒவ்வாமையாக இருக்கும்போது மடல் போனாலும் காது வடியும். வலியும் சீழும்தான் மிச்சம். விலங்கின் உறுப்பைச் சிதைப்பது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

தோட்டக் காவலுக்கு வளர்க்கும் ராஜபாளையம் நாயின் காதும் மடிந்து தொங்குவதுதான். வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வரும் பிறவிச் செவிட்டுத்தன்மை அந்த இனத்தில் உண்டு. கூப்பிட்டால் திரும்பாத வெள்ளைக் குட்டிக்குக் காதடைப்பு என்று மாதக்கணக்கில் சொட்டு மருந்து விடுவதால் கேட்கும் திறன் வராது.

மருத்துவம்

காரணத்தைக் கண்டறிய, ஓட்டோஸ்கோப்பால் காதுக்குள் பார்ப்பதும், பஞ்சில் எடுத்த கசிவை நுண்ணோக்கியில் பார்ப்பதும் போதும். தேறாத காதுக்குக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர்.

பிறகு சுத்தம் செய்து, கிருமிக்கேற்ற சொட்டு மருந்து ஒன்று முதல் இரண்டு வாரம் வரை, சிலவற்றுக்கு அதற்கும் மேல். வலி மிகுந்த நாய்க்கு மயக்கம் கொடுத்துத்தான் சுத்தம் செய்ய முடியும். வீக்கத்தால் துளை மூடியிருந்தால் முதலில் அதைத் தணிக்க மாத்திரை வேண்டும். வீட்டில் சொட்டு விட்டதும் காதின் அடிப்பகுதியை அரை நிமிடம் மெல்லத் தேய்த்து, நாய் தலையை உதற விட்டு, வெளியே வந்ததை மட்டும் பஞ்சால் துடைக்க வேண்டும். பட்ஸ் வேண்டாம், அது அழுக்கை உள்ளே தள்ளும். காப்பித்தூள் போன்ற கறுத்த அழுக்கு வந்தால் காதுப் பூச்சியாக இருக்கலாம்; அப்போது வீட்டிலுள்ள மற்ற நாய்க்கும் பூனைக்கும் சேர்த்து மருந்து. வாடை நின்றது என்பது குணமானதற்கு அடையாளமல்ல. மறுபடி காட்டி, கிருமி இல்லை என்று தெரிந்த பிறகே மருந்தை நிறுத்த வேண்டும்.

உதறி உதறி மடலுக்குள் இரத்தம் கட்டி வீங்கினால் அதை வீட்டில் குத்தி எடுக்கக் கூடாது. தலை ஒரு பக்கம் சாய்வது, வட்டமடிப்பது, கண்மணி ஆடுவது ஆகியவை தொற்று உட்காது வரை போனதைக் காட்டும். அன்றே காட்ட வேண்டியவை. ஆண்டுக்கணக்கில் விட்ட காதில் துளையே தடித்து எலும்புபோல் இறுகிவிடும். அதன்பின் காதுக்குழாயை முழுவதும் எடுக்கும் பெரிய அறுவை சிகிச்சைதான். அதை எல்லா ஊர் மருத்துவமனையிலும் செய்ய இயலாது. சென்னை வேப்பேரியில் உள்ளது போன்ற கால்நடை மருத்துவக் கல்லூரிகளுக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

வராமல் காக்க

வாரம் ஒருமுறை மடலைத் தூக்கி மோந்து பாருங்கள். இதைவிட எளிய வேலை நாய் வளர்ப்பில் இல்லை. வாடை இல்லை, சிவப்பு இல்லை என்றால் அந்தக் காதைத் தொடாதீர்கள். தினமும் துடைப்பதும் தோலைப் புண்ணாக்கும். கிணற்றிலிருந்து ஏறியதும், மழையில் நனைந்து வந்ததும், மடலின் உட்புறத்தை உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். நீந்துகிற நாய்க்கு மருத்துவர் சொல்லும் காது கழுவும் திரவத்தை வாங்கி வையுங்கள். ஸ்பேனியலுக்கு மடலின் உட்புற முடியைக் கத்தரித்து விடுங்கள்; துளைக்குள் இருப்பதைக் காரணமின்றிப் பிடுங்காதீர்கள். அகன்ற தட்டில் சோறு வைத்தால் அதன் காது சோற்றில் தோய்ந்து ஊறும், ஆகவே வாய் குறுகிய ஆழமான கிண்ணம் நல்லது. உண்ணி மருந்தை உண்ணியைப் பார்த்த பிறகல்ல, மாதக் கணக்கு வைத்துக் கொடுங்கள். குளிப்பாட்டும்போது தண்ணீர் போகாமலிருக்கக் காதில் வைத்த பஞ்சைக் குளியல் முடிந்ததும் எடுத்துவிடுங்கள், தயவுசெய்து. மாதம் கழித்து அது சீழோடு வெளியே வருவதும் உண்டு.