பந்தியில் மூன்றாவது ஆள்

சாப்பிட உட்காரும்போது சாமியை நினைத்துக் கொள்வது நம்மில் பலருக்கும் பழக்கம்தான். பசி வயிற்றைக் கிள்ளும்போது கடவுள் ஞாபகம் தானாக வந்துவிடும். வயிறு நிறைந்து ஏப்பம் வந்த பிறகு? 'அப்பாடா' என்று எழுந்து கை கழுவப் போய்விடுவோம். அப்புறம் ஒழிக்க வேண்டிய பாத்திரங்கள்தான் கண்ணுக்குத் தெரியும்!

யூதர்கள் வீட்டில் இது தலைகீழ். சாப்பிடும் முன் ரொட்டிக்குச் சொல்வது ஒரே ஒரு வரி வாழ்த்து. சாப்பிட்டு முடித்த பிறகுதான் நீளமான பிரார்த்தனை. பைபிளில் உபாகமம் என்ற பகுதியில், உண்டு திருப்தி அடைந்த பின் கடவுளைப் போற்ற வேண்டும் என்று மோசே சொல்கிறார். வயிறு நிறைந்து, நல்ல வீடும் கட்டிக் குடியேறிவிட்டால் மனசு கடவுளை மறந்துவிடும் என்ற எச்சரிக்கையும் அங்கேயே இருக்கிறது. எவ்வளவு உண்மை, பாருங்கள்!

இந்தப் பிரார்த்தனைக்கு ஹீப்ரு மொழியில் 'பிர்கத் ஹமஸோன்' என்று பெயர். உணவுக்கு, நாட்டுக்கு, ஜெருசலேம் நகருக்கு, கடவுளின் நல்ல குணத்துக்கு என்று அதில் நாலு பகுதிகள்.

கூப்பிட்டுச் சொல்வது

தனியாகச் சாப்பிட்டவர் தனியாகவே சொல்லிக் கொள்ளலாம். ஆனால் மூன்று பெரியவர்கள் சேர்ந்து சாப்பிட்டிருந்தால் ஒருவர் மற்றவர்களை முறையாக அழைக்க வேண்டும். 'வாருங்கள், போற்றுவோம்' என்கிற மாதிரி அவர் சொல்ல, மற்றவர்கள் பதில் சொல்ல, அதன் பிறகே பிரார்த்தனை தொடங்கும். இந்த அழைப்புக்கு 'ஸிம்முன்' என்று பெயர். பத்து பேர் இருந்தால் அழைப்பில் கடவுளின் பெயரையும் சேர்த்துக் கொள்வார்கள்.

இங்கேதான் ஒரு சிக்கல். அப்பா இருக்கிறார், தாத்தா இருக்கிறார், பக்கத்தில் ஏழு வயதுப் பையன். அந்தக் குட்டிப் பயலை மூன்றாவது ஆளாக எண்ணலாமா, கூடாதா? எண்ணினால் அழைப்பு உண்டு. எண்ணாவிட்டால் அவரவர் தனித்தனியாகச் சொல்லிவிட்டு எழுந்து விடலாம். கூட உட்கார்ந்து சாப்பிட்ட பிள்ளை அந்தப் பந்தியில் ஓர் ஆளா, இல்லையா? சின்ன விஷயம் போலத் தோன்றினாலும் அந்தக் குழந்தையின் மனசுக்கு அது சின்ன விஷயம் இல்லையே!

கூரையும் ஆகாயமும்

சுமார் 1,800 வருஷங்களுக்கு முன் தொகுத்த 'மிஷ்னா' என்ற சட்ட நூல், பெண்களையும் சிறுவர்களையும் இந்த எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை என்கிறது. பின்னால் வந்த 'தால்முத்' நூலில் அதையே எடுத்துக் கொண்டு பெரியவர்கள் வாதாடுகிறார்கள். தொட்டிலில் கிடக்கும் குழந்தையைக்கூடப் பத்தாவது ஆளாக வைத்துக் கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னதாகவும் வருகிறது. கடைசியில் ராவ் நக்மன் என்ற அறிஞர் சொன்னதுதான் நிற்கிறது. யாரைப் போற்றுகிறோம் என்று குழந்தைக்குத் தெரிந்தால் போதும், சேர்த்துக் கொள்ளலாம் என்றார் அவர்.

இதற்கு ஒரு அழகான கதையும் உண்டு. பாபிலோன் நாட்டில், அதாவது இன்றைய ஈராக்கில், ரப்பா என்ற குருவின் முன்னால் அபய்யே, ராவா என்று இரண்டு சிறுவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரைப் போற்றுகிறோம் என்று குரு கேட்டார். கருணை உள்ளவரை என்று இரண்டு பேரும் சொன்னார்கள். அவர் எங்கே இருக்கிறார் என்று அடுத்த கேள்வி. ராவா தலைக்கு மேலே கூரையைக் காட்டினான். அபய்யே எழுந்து வெளியே ஓடிப் போய் ஆகாயத்தைக் காட்டினான்!

குரு சிரித்துவிட்டு ஒதுக்கவில்லை. இது சரி, அது தப்பு என்றும் சொல்லவில்லை. இரண்டு பேருமே பெரிய அறிஞர்களாக வருவீர்கள் என்றார். பூசணி முளைக்கும்போதே தெரிந்துவிடும் என்பது அவர்கள் ஊர்ப் பழமொழியாம். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று நாம் சொல்வதில்லையா? அதேதான்!

சொன்னபடியே இரண்டு பேரும் தால்முத் முழுக்கப் பேசப்படும் அறிஞர்கள் ஆனார்கள். இதில் அபய்யே பெற்றோரை இழந்த பிள்ளை. குரு ரப்பாதான் எடுத்து வளர்த்தார். பிறந்த குழந்தை பால் குடிக்காவிட்டால் என்ன செய்வது என்பது போன்ற கைவைத்தியங்களை, 'அம்மா சொன்னாள்' என்று வளர்த்த தாயின் பெயராலேயே அபய்யே பிற்காலத்தில் சொல்லி வைத்திருக்கிறார்.

ஆறா, பதின்மூன்றா?

பன்னிரண்டாம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மைமோனிடிஸ் (இவர் வைத்தியரும்கூட), விஷயம் தெரிந்த பிள்ளையானால் ஏழெட்டு வயதிலேயே சேர்க்கலாம் என்று எழுதினார். பதினாறாம் நூற்றாண்டில் யோசேப் காரோ எழுதிய 'ஷுல்கான் அரூக்' என்ற சட்ட நூலும் இதையே சொல்கிறது. ஆனால் அதே காலத்தில் போலந்தில் இருந்த மோசே இஸர்லெஸ், பதின்மூன்று வயது ஆகும் வரை சேர்ப்பதில்லை என்பதே தங்கள் வழக்கம் என்று குறித்தார்.

ஆகையால் இன்றும் வீட்டுக்கு வீடு வித்தியாசம். ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா வழிவந்த 'செஃபார்டி' குடும்பங்கள் பலவற்றில் ஆறேழு வயதுப் பையனே மூன்றாவது ஆள் ஆகிவிடுவான். ஜெர்மனி, போலந்து வழிவந்த 'அஷ்கெனாசி' வீடுகளிலோ பதின்மூன்று வயதில் 'பார் மிட்ஸ்வா' ஆகும் வரை காத்திருக்க வேண்டும். எங்கேயானாலும் எண்ணிக்கையில் ஒரு குழந்தைக்குத்தான் இடம்.

'பெண் குழந்தைகள்?' என்று கேட்கிறீர்களா? பழைய முறைப்படி ஆண்களின் எண்ணிக்கையில் பெண்களைச் சேர்ப்பதில்லை. ஆனால் மூன்று பெண்கள் சேர்ந்து சாப்பிட்டால் தங்களுக்குள் அழைத்துச் சொல்லலாம் என்று தால்முத் அனுமதிக்கிறது. சீர்திருத்த சபைகளில் இன்று ஆண், பெண் இரண்டு பேரையும் ஒன்றாகவே எண்ணுகிறார்கள்.

எண்ணாவிட்டாலும் ஒதுக்குவதில்லை

எண்ணிக்கையில் வராத குழந்தையும் மற்றவர்களோடு சேர்ந்து பதில் சொல்லலாம். முழுப் பிரார்த்தனையும் வாயில் நுழையாத வாண்டுகளுக்கு ஒரு குட்டிப் பிரார்த்தனை இருக்கிறது. தால்முத்தில் பெஞ்சமின் என்ற ஆடு மேய்ப்பவர், தனக்குத் தெரிந்த பேச்சுமொழியில், இந்த ரொட்டியின் சொந்தக்காரரைப் போற்றி ஒரே வரி சொல்கிறார். அதிலிருந்து வந்ததுதான் இது. குழந்தை எடுத்த எடுப்பில் பிடித்துக் கொள்ளும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று. பிரார்த்தனையின் பின்பகுதியில், பெற்றோர் வீட்டில் சாப்பிட்ட பிள்ளைகள் சொல்வதற்கென்றே ஒரு இடம் உண்டு. அப்பாவை என் ஆசான் என்றும் இந்த வீட்டின் தலைவர் என்றும் சொல்லி வாழ்த்துவார்கள். அம்மாவையும் அப்படியே என் ஆசான், இந்த வீட்டின் தலைவி என்று வாழ்த்துவார்கள். சமைத்துப் போட்டவளுக்கு ஒவ்வொரு வேளையும் பிள்ளைகள் வாயால் வாழ்த்து!

எந்த மதத்து வீடாக இருந்தாலென்ன? பெரியவர்கள் செய்வதைப் பிள்ளைகள் ஓரமாக நின்று பார்த்தால் பார்த்ததோடு சரி. 'நீயும் ஓர் ஆள், நீ பதில் சொன்னால்தான் ஆரம்பிக்க முடியும்' என்று சொல்லிப் பாருங்கள், நிமிர்ந்து உட்கார்ந்து விடுவார்கள். பூஜையில் மணி அடிப்பதோ, ஜெபத்தில் ஒரு வரி சொல்வதோ, ஏதாவது ஒன்றைக் குழந்தைக்கென்றே விட்டு வையுங்கள். யாருக்கு நன்றி சொல்கிறோம் என்று கேட்டால் அது கூரையைக் காட்டினாலும் சரி, வாசலுக்கு ஓடி வானத்தைக் காட்டினாலும் சரி. திருத்த அவசரப்படாதீர்கள்!